காவடி நரம்பு

டாக்டர் என் சப்பாத்தைக் கழற்றச் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். நெஞ்சுக்குப் பயந்து வந்தவனிடம் காலைக் காட்டச் சொல்கிறார்கள் என்றால் நெஞ்சில் ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்? என் புத்தி எப்போதும் இப்படித்தான். கெட்ட செய்தி வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே போதும், பின்வாசல் வழியாக ஒரு நல்ல செய்தியை இழுத்துவந்து நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடும்.

டாக்டர் தமிழ்ப் பிள்ளை, சின்ன வயது. பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் வருடா வருடம் எல்லோருக்கும் ரத்தம் எடுப்பார்கள். இந்த முறை என் கொழுப்பின் அளவைக் காட்டும் எண்ணைப் பார்த்த நர்ஸ் மிஸி, மெஷின்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி ஊசியால் குத்தினார். மெஷின் நன்றாகத்தான் இருந்தது. அந்த எண்ணைக் கையில் கொடுத்துத்தான் என்னை இந்த டாக்டரிடம் அனுப்பியிருந்தார்கள். அவர் குனிந்து, என் குதிகாலுக்கு மேலே இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். பாசாரில் மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்களே, அப்படி ஒரு பிடி.

“எவ்வளவு நாளா இப்படித் தடிப்பா இருக்குண்ணே?”

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். “பொறந்ததுலேர்ந்து டாக்டர். பரம்பரை. காவடி நரம்பு.”

அவருக்குப் புரியவில்லை. உங்களுக்கும் புரியாது, எங்கள் குடும்பத்தைத் தவிர வேறு யாருக்கும் புரியாது. எங்கள் வீட்டு ஆண்களுக்குக் குதிகாலுக்கு மேலே ஓடும் நரம்பு கட்டைவிரல் தடிமனுக்கு, தொட்டால் கல்போல இருக்கும். கை முட்டிகளிலும் பட்டாணி பட்டாணியாகப் புடைப்பு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் காவடி எடுப்பது எங்களுக்குத் தலைமுறை வழக்கம். பாரத்தைத் தூக்கிக்கொண்டு படியேறிப் படியேறி நரம்பு முறுக்கேறி, அந்த முறுக்கு பிள்ளைகளுக்கும் இறங்கிவிட்டது என்பது எங்கள் குடும்ப விஞ்ஞானம். முருகன் போட்ட முத்திரை என்பது எங்கள் குடும்ப ஆன்மிகம். ஒரு நாளும் காவடி எடுக்காத பெண்களுக்கும் அந்த நரம்பு இருந்தது. அது எப்படி என்று ஒருவரும் கேட்டதில்லை. பெருமையான விஷயங்களை நாங்கள் குடைந்து பார்ப்பதில்லை.

பெருமைப்பட்டதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பெண் எடுப்பதிலும் அதைக் கொண்டுவந்து வைத்தோம். பூ வைக்கப் போகும் அன்று மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ பெண்ணின் காலில் கொலுசு மாட்டிவிட வேண்டும். கொக்கியைத் திருகும் சாக்கில் கட்டைவிரல் குதிகால் நரம்பை ஒரு தடவு தடவும். தடிப்பாக இருந்தால், “கொலுசு எடுப்பா இருக்கு” என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொல்வார்கள். மெலிந்திருந்தால், “கொலுசு லூசா இருக்கு.” பெண் வீட்டார் பாவம், நகைக்கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். நரம்பு நீர்த்துப்போய்விடக் கூடாதென்று முடிந்தவரை சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து வாங்கினோம்.

இவ்வளவையும் நான் பெருமையாகச் சொல்லி முடிக்கும்வரை டாக்டர் குறுக்கே பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்.

“அண்ணே, இது நரம்பு இல்ல. கொழுப்பு. ரத்தத்துல ஓவரா இருக்கிறது அங்கப் போயி படிஞ்சிருக்கு.”

“இல்ல டாக்டர், முருகன்...”

“முருகன் இல்லண்ணே. ஜீன்.”

ரத்தத்திலிருந்து கொழுப்பை இழுத்து வெளியேற்றுவது ஈரலின் வேலையாம். அந்த வேலைக்கான மரபணுவில் எங்களுக்குப் பிறவியிலேயே ஒரு பழுது. பெற்றவர்களில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும்; பிள்ளைக்கு வர சரிபாதி வாய்ப்பு. சொல்லிக்கொண்டே ஒரு தாளை எடுத்து என் குடும்பத்தை வரைந்தார். சதுரம் ஆண், வட்டம் பெண். இறந்தவர் என்றால் குறுக்கே ஒரு கோடு. அப்பா தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்திலேயே சாய்ந்தவர். கோடு. அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் நிறுத்தியிருந்த காடியை, அதான் காரை, கழுவிக்கொண்டிருந்தபோது, குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க, தரையில் கிடந்தான். கோடு. சித்தப்பாவும் பெரியப்பாவும் அப்படியே. நாங்கள் ஒவ்வொரு முறையும், “முருகன் சீக்கிரம் கூப்பிட்டுக்கிட்டான்” என்று சொல்லியிருந்தோம். எங்கள் தலைமுறை வரைக்கும் வரைந்த அந்தத் தாளில் கடைசியாக ஒரே ஒரு சதுரம் கோடில்லாமல் மிஞ்சியது. அதற்குப் பக்கத்தில் டாக்டர் ஒரு அம்பு போட்டார்.

“அம்பு எதுக்கு டாக்டர்?”

“அது நீங்கதாண்ணே.”

நான் சிரித்தேன். பயம் வந்தால் எனக்குச் சிரிப்புதான் முதலில் வரும். அண்ணன் சாவு வீட்டில்கூட ஏதோ ஜோக் அடித்து அக்காவிடம் திட்டு வாங்கியவன் நான். ஆனால் சப்பாத்தைத் திரும்ப மாட்டும்போது வலது கால் இடது கால் சப்பாத்துக்குள் போக மறுத்தது. நான் அதோடு கொஞ்ச நேரம் சண்டை போட்டேன்.

வீட்டில் மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் அழுதாள். பிறகு கொலுசு சங்கதியைச் சொன்னதும் அழுகையை நிறுத்திவிட்டாள். அவளும் நானும் ஒரே தொழிற்சாலை பஸ்ஸில் பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். தைப்பிங்கில் பிறந்தவள், எங்களுக்குச் சொந்தமில்லை. அவளுக்கு என் அக்கா கொலுசு மாட்டியபோது, “லூசா இருக்கு” என்று சொன்னதன் அர்த்தம் எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இத்தனை வருடமும் தன் கொலுசில்தான் குறை என்று நினைத்து, அதை உள்ளே பூட்டி வைத்திருக்கிறாள். இப்போது எடுத்துப் போட்டுக்கொண்டாள். சமையலறைக்குள் போகும்போதும் வரும்போதும் எனக்குக் கேட்க வேண்டும் என்றே சலங் சலங்கென்று நடந்தாள்.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். பிறகு அதைவிடப் பெரிய மாத்திரை. கூடவே இன்னொன்று. எண் இறங்கியது, ஆனால் இறங்க வேண்டிய இடத்துக்கு வரவில்லை. பாதிப் படியில் உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. கடைசியில் ஒரு நாள் டாக்டர் கதவைச் சாத்திவிட்டு, ஒரு ஆராய்ச்சி நடக்கிறது, விருப்பமிருந்தால் சேரலாம், கட்டாயமில்லை என்றார். ஒரே ஒரு முறை ரத்தக்குழாயில் மருந்தை ஏற்றுவார்கள். அது ஈரலுக்குள் போய், கொழுப்பு இழுக்கும் வேலைக்கு முட்டுக்கட்டை போடும் இன்னொரு மரபணுவைத் தேடிப் பிடித்து அணைத்துவிடும். சிலருக்குப் பிறவியிலேயே அது அணைந்துதான் இருக்கிறதாம், நன்றாகவே வாழ்கிறார்களாம். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

“புடிக்கலன்னா திரும்பப் போட்டுக்கலாமா டாக்டர்?” என்று கேட்டேன்.

“முடியாதுண்ணே. அணைச்சா அணைச்சதுதான்.”

என்னைவிட எளிதாக வேறு எவனுக்கும் இது புரிந்திருக்காது. என் வேலையே அதுதான். சிப்புக்குள் பழுதான ஒரு பகுதி இருந்தால், அதற்குப் போகும் கண்ணுக்குத் தெரியாத ஃப்யூஸை லேசரால் எரிப்போம். எரித்த பிறகு சிப் அந்தப் பகுதியை மறந்துவிடும், மற்றதை வைத்து நன்றாக வேலை செய்யும். எரித்தது எரித்ததுதான். பெரும்பாலும் சரியாக வரும். எப்போதாவது லேசர் கற்றை மயிரிழை தள்ளி விழுந்து பக்கத்தில் இருக்கிற நல்ல கோட்டையும் சுட்டுவிடும். அந்தச் சிப்பை எடுத்து ரிஜெக்ட் தட்டில் போட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்போம். இத்தனை வருடத்தில் எத்தனை சிப்பை அந்தத் தட்டில் போட்டிருப்பேன், ஒரு நாளாவது அதன் முகத்தைப் பார்த்தேனா? இப்போது வேலைக்குப் போனால் அந்தத் தட்டுப் பக்கமே போக முடியவில்லை. கடந்து போகும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன், சாவு வீட்டைக் கடப்பதுபோல.

சீனப் பெருநாள் முடிந்ததும் பதில் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரை நான் ஒரு இடத்தில் உட்காரவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி மோட்டார் சைக்கிளில் வட்டமடித்தேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் பேட்டரி சார்ஜ் பண்ணுகிறேன் என்றேன். கழுத்தில் இரண்டு விரலை வைத்து நாடியைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. கூட்டத்தில் மேனேஜர் பேசும்போது நான் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, என்னை ஏதோ மிரட்டல் விடுகிறவன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அந்த மாதம் என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டார். கைப்பேசியில் தேடினேன். மரபணு மாற்றிய தக்காளி வந்தது. மரபணு மாற்றிய எலி வந்தது, அது இருட்டில் பச்சையாக மின்னியது. அன்று படுக்கப் போகும் முன் விளக்கை அணைத்துவிட்டு என் கையைப் பார்த்தேன். இன்னும் ஊசியே போடவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

சூலியா தெருவில் நான் வாடிக்கையாக நாசி கண்டார் என்ற கறிச்சோறு சாப்பிடும் கடை ஒன்று உண்டு. கடைக்கார அண்ணன் ராமநாதபுரத்துப் பக்கம் பூர்வீகம் கொண்ட முஸ்லிம். கல்லாவிலிருந்து எழாமலேயே ஊர் நடப்பு அத்தனையும் தெரிந்து வைத்திருப்பவர். நான் வெறும் சோறும் வெண்டைக்காயும் கேட்டதும் என் கண்ணிமையைப் பிரித்துப் பார்க்காத குறைதான். விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, அந்த ஊசியை நோய் இல்லாதவர்களும் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். எல்லாக் குழம்பையும் கலந்து சோற்றுக்கு மேல் வெள்ளமாக ஊற்றச் சொல்கிற வாடிக்கையாளர்களை நினைத்துக்கொண்டிருந்திருப்பார். இப்போது நோயாளிக்கு மட்டும்தான் என்றேன்.

“இப்பத்தானே நோயாளிக்கு,” என்றார். “நாளைக்கு வசதி உள்ளவன்லாம் போட்டுக்கிட்டு ஆட்டுக்கறியா அடிப்பான். நம்ம பையன், மேச தொடைக்கிறவன், அவன் பத்தியம் இருப்பான். அதான் நடக்கும் பாரு தம்பி.”

அது என் மூளையில் முள்ளாக ஏறியது. எனக்கு இது ஆராய்ச்சி என்பதால் செலவில்லை. நான் பிழைத்துக் காட்டினால் விலை வைப்பார்கள். அந்த விலையில் என் வரிசையில் வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர் வாங்குவார்கள்? சோறு உள்ளே இறங்கவில்லை. எழுந்தேன், கையைக் கழுவினேன், திரும்ப வந்து உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிட்டேன். கொள்கை வேறு, பசி வேறு.

அக்காவிடம் சொல்லாமல் முடியாது. அப்பாவும் அண்ணனும் போன பிறகு குடும்பத்துக்கு அவள்தான் தலை. ஆயர் ஈத்தாமில் அவள் வீட்டுக்குப் போனபோது காவடிக்கு மயிலிறகு கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய பெரிய மகன் அந்த வருடம் முதன்முதலாக எடுக்கப்போகிறான். நான் நின்றுகொண்டே சொன்னேன், நடந்துகொண்டே சொன்னேன். அவள் இறகை வைத்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“சாமி குடுத்த ஒடம்புலா. அதுல போயி ஒருத்தன் கைய வச்சு மாத்துவானா? நாளைக்கு நீ யாருன்னு உனக்கே தெரியாமப் போயிரும்டா.”

“ஈரல் மட்டும்தான்க்கா மாறும். நான் யாருன்னு ஈரலா முடிவு பண்ணுது?”

“பொறக்கப்போற பேரப்புள்ளைங்களுக்கும் மாறிட்டா?”

அது மாறாது, ஈரலோடு நின்றுவிடும், விந்தில் ஏறாது என்று டாக்டர் சொன்னதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், “கீழ எறங்காதுக்கா” என்றேன். பிறகு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, வாய் என்னைக் கேட்காமல் ஓடியது. “நீ கொலுசு மாட்டுறேன்னு தொட்டுப் பாத்துத் தொட்டுப் பாத்துப் பொண்ணு எடுத்தியே. அதுவும் மாத்துறதுதான்க்கா. நாம பொறக்கிறதுக்கு முந்தியே நம்மள மாத்திட்டாங்க. நம்மள ஒரு வார்த்த கேட்டாங்களா?”

அக்கா தன் கை முட்டிகளில் இருந்த புடைப்புகளைப் பார்த்தாள். அவள் மகன் உள்ளே கைப்பேசியில் யாருடனோ சிரித்துக்கொண்டிருந்தான். அவன் குதிகால் எப்படி இருக்கும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவன் சின்ன வயதிலேயே அக்காதான் தடவிப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் சொன்னாள். அவள் மெதுவாக, “அண்ணனுக்கு இருந்ததவிடத் தடிப்பு இவனுக்கு” என்றாள். அதற்குப் பிறகு அவளிடம் ஜோக் அடிக்க எனக்கு வாய் வரவில்லை. மயிலிறகுக் கட்டை எடுத்து, அவள் கட்டியதையே அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து என் ஓட்டம் வேறு பக்கம் திரும்பியது. எனக்கு ஒரே மகள். கணக்கு ஆபிஸில் வேலை, நல்ல சம்பளம், நல்ல வாய். அவளுக்கு வந்திருக்கிறதா இல்லையா? சரிபாதி வாய்ப்பு. பரிசோதனைக்குப் போம்மா என்று அப்பனாகக் கேட்டிருக்கலாம். கேட்டால், “ஏன்” என்பாள். ஏன் என்று சொன்னால் என் பயம் அவளுக்கும் போய்விடும். அதனால் குடும்ப வழியையே பிடித்தேன். அவள் குதிகாலைப் பார்த்துவிடுவது.

வெளியே போனால் சப்பாத்து, வீட்டில் காலுறை. மகளின் காலைப் பார்ப்பது இவ்வளவு கஷ்டம் என்று நான் நினைக்கவே இல்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் சோபாவில் காலைத் தூக்கிப் போட்டுத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். வெறுங்கால். நான் மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூ விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு தரையில் தவழ்ந்தேன். ஐம்பதைத் தாண்டிய மனிதன், முட்டி போட்டு, கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு, சோபாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு. காலுக்குப் பக்கத்தில் வந்ததும் வேகம் குறைந்தது.

“அப்பா.”

“ஸ்க்ரூம்மா.”

“நீங்க போட்டிருக்கிற கண்ணாடியில ரெண்டு ஸ்க்ரூவும் இருக்கு.”

சமையலறையில் கொலுசுச் சத்தம் நின்றது. மகள் காலைக் கீழே இறக்கி என் மடியில் வைத்தாள். “தொட்டுப் பாருங்க. அதுக்குத்தானே?”

தொட்டேன். எங்கள் அக்கா ஒரு தடவலில் சொல்லிவிடுவாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தடிப்பாக இருப்பதுபோல இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. மறுபடி தடவினேன். அவள் கொஞ்ச நேரம் என் திண்டாட்டத்தை அனுபவித்துவிட்டுச் சொன்னாள்.

“எனக்கு இருக்குப்பா. நீங்க டாக்டர்கிட்டப் போயிட்டு வந்த அடுத்த வாரமே ரத்தம் எடுத்துப் பாத்துட்டேன். மாத்திரை சாப்புடுறேன். எனக்கு மாத்திரையே போதும் இப்போதைக்கு.”

நான் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். மாதக்கணக்காக. அம்மாவுக்குத் தெரியும். எனக்குச் சொன்னால் நான் ஆடுவேன் என்று சொல்லவில்லையாம். அவர்கள் கணித்தது சரிதான். எழுந்து ஆட ஆரம்பித்திருந்தேன். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்தபடி ஒரு பெரிய பிரசங்கம் செய்தேன். முடிவு பண்ணிவிட்டேன், ஊசியைப் போட்டுக்கொள்ளப்போகிறேன், இது எனக்காக இல்லை, உனக்காக. யாராவது ஒருவன் முதலில் போக வேண்டும், நான் போகிறேன், நல்லதோ கெட்டதோ உனக்கு வழி தெரியட்டும் என்றேன். பேசப் பேச எனக்கே என் மேல் மரியாதை கூடிக்கொண்டு போனது. இத்தனை வாரமும் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான், பயத்துக்கு மேலே போர்த்திக்கொள்ள ஒரு நல்ல சால்வை.

அவள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள்.

“எனக்காகப் போடாதீங்கப்பா. ஏதாச்சும் ஆச்சுன்னா அந்தப் பழிய நான்தான் ஆயுசுக்கும் தூக்கிட்டுத் திரியணும். உங்களுக்கு வேணும்னா போடுங்க. வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. என்ன நடுவுல இழுக்காதீங்க.”

சால்வை போயிற்று. வெறும் உடம்போடு நின்றேன்.

சீனப் பெருநாளுக்கு அடுத்த வாரம் டாக்டரிடம் போனோம். மகளும் வந்தாள், அவளுக்கும் கேள்வி இருந்தது. பிறக்கும் முன்னாலேயே, கருவிலேயே இந்தப் பழுதைச் சரிசெய்துவிட முடியாதா என்று கேட்டாள். செய்ய முடியும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அனுமதி இல்லை என்றார் டாக்டர். அது அந்தப் பிள்ளையோடு நிற்காது, அதன் பிள்ளைக்கும் அதற்கடுத்த பிள்ளைக்கும் போகும். எதிர்பாராத ஒன்று சேர்ந்து போனாலும் போகும். சம்மதம் கேட்டுச் செய்ய அங்கே ஆள் இல்லை. பழுதை மட்டும் அப்படியே விட்டுவிடலாமா, அதுவும் கேட்காமல்தானே வருகிறது என்றாள் மகள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “அதுக்கு எங்கிட்ட பதில் இல்லம்மா” என்றார். எனக்கு அந்த டாக்டரைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

பிறகு என்னிடம் திரும்பி, எல்லா ஆபத்தையும் மறுபடி ஒரு முறை சொன்னார். ஈரல் வீங்கலாம். காய்ச்சல் வரலாம். மருந்து தவறான இடத்தில் வெட்டலாம்; வெட்டினால் என்ன ஆகும் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரியும். இனிமேல் பிள்ளை பெறும் எண்ணம் உண்டா என்று ஒரு கேள்வி. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். கடைசியாக, ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று கேட்டார்.

வாயில் மூன்று ஜோக் வரிசையாக நின்றது. காவடி எடுக்க வேண்டும் என்று சொல்லலாம். நாசி கண்டார் சாப்பிட வேண்டும் என்று சொல்லலாம். மனித குலத்துக்காக என்று நெஞ்சில் கையை வைக்கலாம். மகள் பக்கத்தில் உட்கார்ந்து தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாகப் பயமா இருக்கு டாக்டர்,” என்றேன். “இன்னும் கொஞ்சம் இருக்கணும்னு ஆசை. வேற காரணம் ஒண்ணும் இல்ல.”

“அது போதும்ணே.”

மருந்து ஏற்றும் அன்று அக்கா திருநீற்றோடு வந்துவிட்டாள். என் நெற்றியில் பூசி, மருந்துப் பைக்கும் கொஞ்சம் பூசப் போனவளை மிஸி தடுத்தார். பிறகு நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, டாக்டரை நடைபாதையில் ஓரமாக அழைத்துப் பேசினாள். அவள் குரல் எவ்வளவு தாழ்ந்தாலும் நன்றாகக் கேட்கும். மகனுக்கு ரத்தம் பார்க்க வேண்டும், எப்போது கூட்டிவரலாம் என்று கேட்டாள். அப்படியே, பொம்பளைகளுக்கும் இதெல்லாம் உண்டா என்றாள்.

அந்த மருந்தைச் சின்னஞ்சிறு கொழுப்புக் குமிழிகளுக்குள் அடைத்துத்தான் அனுப்புகிறார்களாம். கொழுப்பால் வந்த வினைக்குக் கொழுப்பிலேயே ஏறிப் போகும் மருந்து. சிரிக்கலாம் என்று பார்த்தேன், ஆனால் அதற்குள் மருந்து ஏறி நடுக்கம் எடுத்துவிட்டது. பல் தந்தியடித்தது. மிஸி போர்வையைப் போட்டு, இது சகஜம்தான் அங்கிள் என்று சொல்லிவிட்டு மெஷினைப் பார்த்தார். எனக்கு அது சகஜமாகத் தெரியவில்லை. ஈரலுக்குள் எங்கேயோ அந்த லேசர் கற்றை மயிரிழை தள்ளி விழுவதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது, கையில் குழாய் இருந்தது. மனைவி பிரார்த்தனைக்குப் போயிருந்தாள், அதாவது கேண்டீனுக்கு. மகள் மட்டும் பக்கத்தில் இருந்தாள்.

“சரியா வரலன்னா என்னம்மா செய்வ?” என்று கேட்டேன்.

அவள் என் போர்வையை இழுத்துவிட்டாள். “வரலன்னா நான் போட மாட்டேன்பா.”

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு. கட்டில் ஆடியது, மெஷின் அலறியது, மிஸி ஓடிவந்தார். அப்பாவுக்கு ஒன்றுமில்லை, சிரிக்கிறார் என்று மகள் சொன்னாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததால் மிஸி அதை நம்பவில்லை.

அதற்கப்புறம் எடுத்த ரத்தத்தில் எண் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. இறங்கி அங்கேயே இருக்கிறது. நன்றாக இருக்கிறது, ஆனால் இன்னும் பல வருடம் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்ப்போம் என்றார் டாக்டர். நான் இன்னும் கழுத்தில் விரலை வைத்து நாடி பார்த்துக்கொண்டுதான் திரிகிறேன். கடைசியாகப் போனபோது, திரையில் தெரிந்த அந்த எண்ணை மகள் தன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.